கன்னி மூலைப் பீரோ

போர்ட் பிளேயரின் ஹேடோ மேட்டில் நீலாவதியைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் அரைக்கும் மாவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. காலையில் தமிழ்க்காரர்கள், தெலுங்குக்காரர்கள், பெங்காலி வீட்டுப் பெண்கள் என்று ஆளுக்கொரு தூக்குவாளியோடு வாசலில் வந்து நிற்பார்கள். ருசிக்காக மட்டும் வருகிற கூட்டமில்லை அது, சுத்தத்துக்காக வருகிற கூட்டம். நீலாவதி கிரைண்டர் கழுவுவதைப் பார்த்தால் யாருக்கோ ஆபரேஷன் நடக்கப் போகிறது என்று நினைத்துவிடுவீர்கள். வாளியின் அடியில் லேசாகப் பிசுக்கு இருந்தால் போதும், "பெஹ்லே தோகே லாவோ" என்று அருப்புக்கோட்டை இந்தியில் விரட்டிவிடுவாள். வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தால்தான் மாவு.

அப்பேர்ப்பட்டவளிடம், உன் வீட்டில் பூஞ்சை இருக்கிறது, உன் மகளைப் பிரசவத்துக்கு அங்கே அனுப்ப முடியாது என்று ஒருத்தர் சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னவர் யாரோ எவரோ அல்ல, சம்பந்தியம்மா கண்ணம்மா. தீவின் வடகோடியில், திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருக்கிறார். அவருடைய மகன் தமிழ்வாணனுக்குத்தான் நீலாவதி தன் ஒரே மகள் சௌமியாவைக் கட்டிக் கொடுத்திருந்தாள். கண்ணம்மா தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கினால் இந்தியில் போய்த்தான் முடிப்பார்.

"தேக்கோ சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றுதான் அன்றைக்குப் போனில் ஆரம்பித்தார். "மருமக இங்க வந்ததுல இருந்து ஒரு தடவ கூட அந்த மூச்சு பம்ப்ப கையில எடுக்கல. உங்க வீட்டுக்கு தீபாவளிக்கு வந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரி. இப்ப வயித்துல பச்சா இருக்கு. நான் எந்த தைரியத்துல அனுப்புவேன், போலியே, நீங்களே சொல்லுங்க."

"என் வீட்ல என்ன குறைச்சலக் கண்டீங்க?"

"குறைச்சல் இல்ல. ஃபங்கஸ் இருக்கு. அந்தச் சின்ன ரூம்ல காலு வச்ச உடனே வாடை அடிக்குதுன்னு எங்க தமிழு சொன்னான். நீங்க அதுக்குள்ளயே இருக்கீங்க, உங்க மூக்குக்குத் தெரியல."

காதில் புகை வராத குறைதான் நீலாவதிக்கு. ஆனால் தீபாவளிக் கதை நிஜம்.

தலை தீபாவளி. மாப்பிள்ளை முதல் தடவை வந்து தங்குகிறார் என்று அந்தச் சின்ன அறைக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடித்து, புது மெத்தை விரித்து, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி மழை உள்ளே வராமல் பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் புடவையும் கட்டி முடிப்பதற்குள் சௌமியாவுக்கு மூச்சில் விசில் சத்தம் கிளம்பிவிட்டது. அவள் அப்போது மூன்று மாதம். புது வேட்டி கட்டிய மாப்பிள்ளை அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். முகத்தில் மருந்துப் புகை மூடியை மாட்டிக்கொண்டு பெண் படுத்திருக்க, பண்டிகை வேறெங்கோ யாருக்கோ நடந்தது. அவள் புருஷன் சொக்கலிங்கம் மட்டும், மனுஷனுக்கு எந்த நேரத்தில் எது பேசுவது என்று தெரியாதே, "பலகாரத்த இங்க கொண்டு வந்திருக்கலாமே நீலா" என்றார். அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சொக்கலிங்கம் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால் அரிசி மூட்டையிலிருந்து ஆணி டப்பா வரைக்கும் அவர் கை பட்டுத்தான் தரைக்கு இறங்கும். அவரைக் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து கப்பலேறியபோது நீலாவதிக்கு இருபத்தொரு வயது. சென்னைத் துறைமுகம் கண்ணை விட்டு மறைவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்தவள், தீவு தெரிகிறவரை நிறுத்தவில்லை. கூடவே அவளுடைய அப்பா பரமசிவமும் வந்தார். அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்தவர், மகளுக்குச் சீராக ஒரு தேக்கு மர பீரோ செய்து, அதைக் கப்பலில் ஏற்றி, மகளை நம்புகிறாரோ இல்லையோ கப்பல்காரர்களை நம்பாமல் தானும் ஏறிக்கொண்டார். கண்ணாடி வைத்த இரட்டைக் கதவு, பித்தளைக் கைப்பிடி. மேட்டு வீட்டுக்கு அதைத் தூக்கி வந்தவர்கள் பாதி வழியில் கீழே வைத்துவிட்டு ஓடப் பார்த்தார்களாம்.

வீட்டுக்குள் வந்ததும் பரமசிவம் வெயிலைப் பார்த்துத் திசை குறித்தார். தென்மேற்கு மூலை எது என்று கண்டுபிடித்தார். அதுதான் கன்னி மூலை. வீட்டில் இருப்பதிலேயே கனமான சாமான் அங்கேதான் இருக்க வேண்டும், அந்த மூலை ஒருநாளும் காலியாகக் கிடக்கக் கூடாது என்பது நம் ஊர் வாஸ்து. அது அந்தச் சின்ன அறையில் வந்தது. அங்கே ஒரு ஜன்னல் இருந்தது, பீரோ அதில் பாதியை மறைத்தது. பரவாயில்லை என்றார். "நகர்த்திராதம்மா. இது இங்கயே நிக்கிற வரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் ஊருக்குப் போனார். அவர் காலமாகியே வருஷங்கள் ஆகிவிட்டன. பீரோ நகரவில்லை. சௌமியாவைப் பெண் பார்க்க வந்தபோது கண்ணம்மா கூட அறையை எட்டிப் பார்த்து, "பீரோ சரியான மூலையில இருக்கு, படியா" என்று மெச்சிவிட்டுத்தான் காப்பியை வாயில் வைத்தார்.

பெயின்டர்கள் வருவார்கள், பீரோவைச் சுற்றி அடித்துவிட்டுப் போவார்கள். நீலாவதி தினமும் பெருக்கித் துடைப்பாள், துடைப்பம் பீரோவின் காலோடு நின்றுவிடும். வாசலைத் தாண்டும் எறும்பைக் கூட விசாரிக்கிற பெண்பிள்ளை, பீரோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தச் சின்ன அறைதான் சௌமியாவின் அறை. பீரோவை ஒட்டித்தான் அவள் கட்டில். பிள்ளைக்கு ஐந்து வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அது எதனால் என்பதற்கு நீலாவதியிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கடல் காற்று என்பாள், ஐஸ்கிரீம் என்பாள், பரீட்சைப் பயம் என்பாள், ஒன்றும் அகப்படாவிட்டால் சொக்கலிங்கத்தின் பரம்பரை என்பாள். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது அவளுக்கு இழுப்பு வரவே இல்லை. அதற்கும் ஒரு பதில் இருந்தது, அங்கே வெயில்.

கண்ணம்மாவின் போன் வந்த அன்று சாயங்காலம் சௌமியாவே கூப்பிட்டாள். "எனக்கு அங்க வரணும்னுதாம்மா ஆசை" என்றாள். "உன் கையால சாப்பிடணும்னு இருக்கு. ஆனா மூச்சு விடணுமேம்மா. எனக்காக மட்டும் இல்ல இப்ப."

சௌமியா பிறந்தபோது நீலாவதியின் பக்கத்தில் அவளுடைய அம்மா இல்லை. புயல் சின்னம் என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள், அம்மா சென்னையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வலி வந்தபோது பக்கத்துப் படுக்கைப் பெங்காலிப் பெண்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது, அவள் என் வீட்டில், என் கண் முன்னால்தான் பெற வேண்டும் என்று அன்றைக்கே மனதில் எழுதி வைத்தவள் நீலாவதி. இப்போது அந்த வீடே வேண்டாம் என்கிறார்கள்.

கண்ணம்மா ஈவு இரக்கம் இல்லாதவர் அல்ல. மறுநாள் அவரே ஒரு வழி சொன்னார். அடுத்த மாதம் ஸ்கேனுக்குச் சௌமியாவைப் போர்ட் பிளேயர் கூட்டி வருகிறோம். அப்போது நான் வந்து பார்க்கிறேன், வாடை போயிருந்தால் வளைகாப்பு முடிந்ததும் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் நீங்கள் இங்கே வந்து இருங்கள் என்றார். நியாயமான பேச்சுத்தான். நியாயமான பேச்சைப் போல எரிச்சல் மூட்டுவது வேறு எதுவும் கிடையாது.

அன்றே களத்தில் இறங்கினாள். கட்டிலுக்கு மேலே ரோஸ் பெயின்டைப் பிளந்துகொண்டு கரும்புள்ளிகள் எட்டிப் பார்த்தன. கூரை ஓரத்தில் பச்சையாக ஒரு திட்டு. ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தாள். அது போதுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலையும் எடுத்து அதில் கவிழ்த்தாள். மருந்தின் வேகம் வெளியே போய்விடக் கூடாது என்று ஜன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டாள். தொண்டையில் யாரோ கை விட்டு நெரித்தது போலிருந்தது. கண் திறக்க முடியவில்லை. இருமல் சத்தம் கேட்டு ஓடி வந்த சொக்கலிங்கம் அவளை அக்குளில் கை கொடுத்து வாசலுக்கு இழுத்துப் போட்டார்.

அடுத்த வீட்டு நளினி அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். வாடை மூக்கில் பட்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளே போகவிருந்த சொக்கலிங்கத்தைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரும் உள்ள போகாதீங்க. எல்லாம் தானா வெளிய போகட்டும். அக்கா, பிளீச்சிங்கையும் ஆசிடையும் சேத்தீங்களா?"

நீலாவதி இருமிக்கொண்டே தலையாட்டினாள்.

"அது ரெண்டும் சேர்ந்தா விஷ வாயுக்கா. போன மாசந்தான் ஒரு அம்மாவ இதே மாதிரி தூக்கிட்டு வந்தாங்க." நல்ல காற்றில் உட்கார வைத்து, கண்ணைக் கழுவிவிட்டு, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு சரியான பிறகுதான் திட்டினாள். "பேத்தியப் பாக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேரணும்னு இருக்கீங்களா?"

"பேரன்னுல்ல நான் நெனச்சேன்" என்றாள் நீலாவதி. அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்காது.

அப்புறம் நளினி சொன்னாள், இதற்கு விஷம் ஒன்றும் தேவையில்லை. சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். ஆனால் காய்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறந்து போய் உட்காரும், அதனால் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். வெளி ஜன்னலைத் திறந்து, வீட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடிப்பது சுத்தமாக வேலைக்கு ஆகாது. "செத்துப் போனாலும் அது செவுத்துலயே இருந்தா மூச்சுக்கு ஆகாதுக்கா. துடைச்சு வெளிய எடுக்கணும். எல்லாத்துக்கும் மேல, ஈரம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. அத நிறுத்தலேன்னா அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிக்கும்."

நீலாவதி அப்படியே செய்தாள். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய மாஸ்க் இருந்தது. சொக்கலிங்கம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெல்டிங் பையன்கள் போடும் கண்ணாடி ஒன்று கொண்டு வந்தார். கண்ணில் தெரிந்த புள்ளியையெல்லாம் துடைத்தாள். துடைத்த துணிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். பளிச்சென்று ஆயிற்று. ஆனால் கடைக்குப் போய்த் திரும்பி அறைக்குள் நுழைந்தவள் சட்டென்று நின்றாள். வெளிக்காற்றில் இருந்துவிட்டு வந்த மூக்கு அல்லவா, இப்போது அதற்குத் தெரிந்தது. நனைந்த கோணிச் சாக்கைப் பல நாள் மூடி வைத்து அவிழ்த்தால் வருமே, அந்த வாடை. மாப்பிள்ளை சொன்னது பொய் இல்லை.

எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. காட்டிக் கொடுத்தது ஒரு புடவை. வளைகாப்புக்கு மகளுக்குக் கொடுப்பதற்காக, தன் கல்யாண அரக்குப் பட்டைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தாள். பின்பக்கமாக இருந்த மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தட்டுக்குள் கையை நீட்டிப் பின் பலகையைத் தொட்டாள். பலகை ஊறிய ரஸ்க் மாதிரி உள்வாங்கியது. விரலை எடுத்தபோது நுனி கறுத்திருந்தது.

சொக்கலிங்கம் வேலையிலிருந்து வரும் வரைக்கும் அவள் கட்டிலில் உட்கார்ந்து பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகத்திப் பாத்துருவோம்" என்றார் அவர், கேட்டவுடனே.

"வாயக் கழுவுங்க. கன்னி மூலையக் காலி பண்ணச் சொல்றீகளா? அதுவும் பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல கனமான சாமான நகத்தப்படாது, ஆணி அடிக்கப்படாது. எங்கப்பா வச்சிட்டுப் போனது."

"பிள்ளத்தாச்சி இங்க எங்கடி இருக்கா? திக்லிபூர்ல இருக்கா."

"அவ எங்க இருந்தாலும் அவ வீடு இதுதான்."

சொக்கலிங்கம் வெளியே போனார். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. என்ன செய்கிறார் என்று நீலாவதி போய்ப் பார்த்தாள். அந்த மூலைக்கு வெளிப்புறம் அவர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். வீட்டின் மற்ற சுவர்கள் வெள்ளையாக இருக்க, அந்த ஒரு மூலை மட்டும் அடியிலிருந்து கூரை வரை பாசி பிடித்துக் கறுத்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே விரல் போகிற அளவுக்கு ஒரு விரிசல்.

"நீலா, நான் கிரேன்ல ஏறி உக்காந்ததும் மொத வேலையா என்ன பாப்பேன்?"

"டீ வந்துச்சான்னு பாப்பீக."

"காத்துப் பாப்பேன். மே மாசத்துல இருந்து காத்து எந்தப் பக்கமிருந்து வரும்? தென்மேற்கு. மழையும் அங்கிட்டிருந்துதான் வரும். மாசக் கணக்குல அடிக்கும். அருப்புக்கோட்டையில மழையே கிடையாது, அங்க கன்னி மூலை காஞ்சு கெடக்கும், பீரோ வைக்கலாம். இங்க வர்ற மழை பூரா மொதல்ல இந்த மூலையிலதான் வந்து மோதுது. அந்த மூலையில ஜன்னலையும் மறைச்சு, காத்துப் போக விடாம, பெரிய பலகையா வச்சு அடைச்சிருக்கோம். தெனம் தொறமுகத்துல காத்துப் பாக்குறவன், எனக்கு இத்தன வருஷமா வீட்ல புத்தி வரல பாரு."

நீலாவதி சுவரைப் பார்த்தாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் எது இருக்கிறது என்று யோசித்தாள். பீரோ. பீரோவை ஒட்டி ஒரு கட்டில். கட்டிலில் ஐந்து வயதுப் பிள்ளை, பத்து வயதுப் பிள்ளை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, முதுகில் ரெண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிற பிள்ளை. கடல் மேலும் ஐஸ்கிரீம் மேலும் பழி போட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"நாளைக்கே நகத்துங்க" என்றாள்.

"கன்னி மூலை?"

"எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மறுநாள் சொக்கலிங்கம் துறைமுக வழக்கப்படி பீரோவை நெம்பி, அடியில் குழாய்த் துண்டுகளைக் கொடுத்து உருட்டினார். அது முனகிக்கொண்டே வந்தது. பின்னால் சுவரில், சரியாக ஒரு பீரோ உயரத்துக்கு, ரோஸ் கிடையாது, அதற்கு முந்தின மஞ்சள் கிடையாது, அவர்கள் குடி வந்தபோது இருந்த நீலமும் கிடையாது. கறுப்பு. வெல்வெட் மாதிரி பொசுபொசுவென்று கறுப்பு. அதன் ஓரத்தில் ஜன்னலின் மறைந்திருந்த பாதிக் கதவு உளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

நீலாவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க வெளிய போங்க" என்றாள். கதவிடுக்கில் ஈரச் சேலையைத் திணித்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். முதலில் சுவரை நனைத்தாள், தூள் பறக்காமல் இருக்க. பிறகு துடைத்தாள், துணியை மாற்றினாள், மறுபடி துடைத்தாள். இட்லிப் பானை தேய்க்கும் வேகம் இல்லை அது, காயம் துடைக்கிற நிதானம். உப்பி நின்ற காரையை ஐயாவு கொத்தனார் வந்து நனைத்துச் சுரண்டி எடுத்தார். வெளிவிரிசலை அடைத்துப் பூசினார், ஜன்னலுக்கு மேலே மழைக்குச் சிமென்ட் மறைப்பு வைத்தார், ஜன்னலுக்குப் புதுக் கதவு போட்டார். நல்ல வேளை, மாசி மாதம், மழை இல்லை. ஜன்னலைத் திறந்து போட்டுச் சுவரைக் காய விட்டார்கள். பெயின்ட் அடிக்கலாமா என்று சொக்கலிங்கம் கேட்டபோதெல்லாம் அவள் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் வேண்டாம் என்றாள். கன்னம் குளிராத ஒரு நாளில்தான் சரி என்றாள்.

தலை தீபாவளிக்கு வாங்கிய மெத்தையைத் தூக்கிப் போடத்தான் மனசு வரவில்லை. வெயிலில் போட்டால் போதாதா என்று நளினியைக் கேட்டாள். "பஞ்சுக்குள்ள போனது வெயிலுக்கு வராதுக்கா" என்றாள் நளினி. மெத்தையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி, குப்பை வண்டிக்குக் கொடுத்தாள். பீரோவின் பின் பலகையும் போயிற்று. தேக்குச் சட்டம் கல் மாதிரி இருந்தது, அப்பா ஏமாந்து வாங்கவில்லை. அதைக் கழுவி, முற்றத்தில் காய வைத்து, புதுப் பலகை அடித்து, கூடத்தில் உள்சுவர்ப் பக்கம், பின்னால் கை நுழைகிற இடைவெளி விட்டு நிறுத்தினார்கள். பட்டுப்புடவை சலவைக்குப் போய் வந்தும் ஒரு மடிப்பில் நிறம் திரும்பவில்லை.

எல்லாம் முடிந்தபோது கன்னி மூலை மொட்டையாக இருந்தது. நீலாவதி அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது போலத் தேடினாள். சம்பந்தியம்மா வந்து என்ன சொல்வாரோ என்று வேறு உள்ளூர உதறல்.

ஸ்கேன் முடிந்து கண்ணம்மாவும் சௌமியாவும் நேராக வீட்டுக்கு வந்தார்கள். சௌமியா வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் பம்ப். பழக்கம், இந்த வாசல் வந்தாலே அது கைக்கு வந்துவிடும். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. நீலாவதிக்கு ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் கண்ணம்மா முந்திக்கொண்டு உள்ளே போனார். அறை நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார். மூலைக்குப் போய்ச் சுவரில் மூக்கை வைத்தே உறிஞ்சினார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். சந்தையில் கருவாடு வாங்குகிறவர் கூட அவ்வளவு மோந்து பார்க்கமாட்டார்.

"பீரோ எங்க?"

"கூடத்துக்குப் போயிருச்சு சம்பந்தி."

"கன்னி மூலை காலியா கெடக்கே."

ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சமாதானங்கள் எல்லாம் நீலாவதிக்கு மறந்து போயின. "கெடக்கட்டும்" என்றாள். "எனக்கு எம் மக மூச்சு பெரிசு சம்பந்தி. மூலை அப்புறந்தான்."

கண்ணம்மா வீட்டுக் கன்னி மூலையில் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை அசைத்தால் அவர் ஆட்களையே அசைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். "அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். இருவரும் கட்டிலை அந்த மூலைப் பக்கம் நகர்த்தினார்கள், சுவரில் ஒட்டாமல். கண்ணம்மா வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அரே சௌமியா, இங்க வந்து படு. கனமா ஏதாவது இருக்கணும், அவ்வளவுதானே? இவ கனம் போதும்."

"அத்தே, நான் என்ன பீரோ மாதிரியா இருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே சௌமியா உள்ளே வந்தாள். புதுக் கதவு போட்ட ஜன்னலைப் பார்த்தாள், வெறும் மூலையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் பம்ப்பைக் கையில் வைத்தபடியே படுத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நன்றாகத் தூங்கிவிட்டாள். சம்பந்திகள் இருவரும் அறை வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். இருவர் காதும் உள்ளேதான் இருந்தது. அந்த விசில் எப்படித் தொடங்கும் என்று நீலாவதிக்கு மனப்பாடம். முதலில் மூச்சின் நுனியில் மெல்லிசாக ஒரு இழை வரும், பிறகு தடிக்கும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்து திரையைத் தூக்கிப் போட்டது. கீழே துறைமுகத்தில் கப்பல் ஒன்று சங்கு ஊதியது. மகளின் மூச்சு வந்தது, போயிற்று, வந்தது. வேறொரு சத்தமும் இல்லை. தூக்கத்தில் விரல்கள் தளர்ந்து, பம்ப் கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விரித்திருந்த பாயில் உருண்டது. சௌமியா அதைத் தேடவில்லை.

கண்ணம்மா நீலாவதியின் முழங்கையைத் தொட்டு, காதோடு சொன்னார். "வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துருங்க சம்பந்தி. பிரசவத்துக்கு நானும் இங்க வந்துர்றேன்."

நீலாவதி தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. இந்தப் பெண்ணைப் பெற்று வளர்த்தவள், ஆனால் ஐந்து வயதுக்குப் பிறகு இவள் இந்த வீட்டில் சத்தமில்லாமல் மூச்சு விட்டுத் தூங்குவதை இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

அடுப்பங்கரையிலிருந்து சொக்கலிங்கத்தின் குரல் வந்தது. காலையில் அரைத்து வைத்த மாவை அவள் சுத்தமாக மறந்து போயிருந்தாள். "நீலா, மாவு பொங்கி வெளிய வழியுது. தரையெல்லாம் ஆயிருச்சு. சீக்கிரம் வா."

நீலாவதி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"வழியட்டும்" என்றாள் தாழ்ந்த குரலில். "சத்தம் போடாதீக, பிள்ள தூங்குறா."